பதினொரு சென்டிமீட்டர்

"மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. ம், விடலாம்."

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் நின்று இருபத்தொன்பது வருடம் அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு அறுபது பேர் என்று வைத்தாலும் ஐந்து லட்சம் தடவைக்குக் குறையாது. கணக்குப் போட்டவன் அவருடைய மகன். இன்ஜினியர். அம்மா இறந்து ஏழு வாரம் கழித்து, வேறு எந்த வேலையும் ஓடாத ஒரு மதியத்தில் போட்டான்.

ஆறு மாடி, மாடிக்கு நான்கு வீடு. அந்தக் கட்டடத்தில் அவருக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே எலும்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். ஆனால் ஒருவர் படியேறி வரும் சத்தத்தை வைத்தே, கதவைத் திறக்கும்போது, "எந்த முட்டி?" என்று கேட்பார். அது நிஜம்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு இருந்த பெயர் வேறு. பிடிவாதக்காரி. டாக்டர் சீட்டு எழுதி அனுப்பினாலும், போன வாரம் எடுத்த படமே இருந்தால், சீட்டின் பின்பக்கத்தில் "ஏற்கெனவே இருக்கிறது, பார்க்கவும்" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். டாக்டர்கள் முறைத்தார்கள். அவர் முறைப்பதைப் பார்க்கவில்லை. அடுத்த ஆளின் தாடையை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அவருடைய மார்பில் எப்போதும் ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருக்கும். ஆள்மேல் எவ்வளவு கதிர் பட்டிருக்கிறது என்பது அதில் பதியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போய்வரும். ஒருமுறைகூட அது வரம்பை நெருங்கவில்லை. அதிர்ஷ்டம்தான் என்று யாரோ சொன்னதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதிர்ஷ்டமா? ஒவ்வொரு படத்துக்கும் சுவத்துக்குப் பின்னாடி நடந்து போய் நின்னிருக்கேன். அந்த நடைக்குப் பக்கத்து நாட்டுக்கே போயிருக்கலாம்."

கணவரை அவர் சந்தித்ததும் அந்த அறையில்தான். பஸ் டிரைவர் வேலைக்கு உடல் தகுதிப் பரிசோதனை. மார்புப் படம் எடுக்க வந்து நின்றார் ஒரு நெட்டையர். மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு இவர் சுவருக்குப் பின்னால் போனார். படம் எடுத்தாயிற்று. அதற்குள் யாரோ கதவைத் தட்ட, போய்ப் பேசிவிட்டுத் திரும்பினால், ஆள் முகம் சிவந்து கண் பிதுங்கி அப்படியே நிற்கிறார்.

"அய்யய்யோ, விடுங்க!"

"விடலாம்னு நீங்க சொல்லவே இல்லையே."

இவ்வளவு சொன்ன பேச்சு கேட்பவர் இருக்கிறாரே என்று நம்பிக் கல்யாணம் செய்துகொண்டதாகவும், அதன் பிறகு அவர் ஒரு பேச்சும் கேட்கவில்லை என்றும் பல வருடம் குறைப்பட்டுக்கொண்டார்.

டிரைவர் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டினார். ஓட்டும்போது ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நெஞ்சை அதன்மேல் சாய்த்து, கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்ப்பார். ஓய்வுபெற்ற பிறகும் உடம்பு அதை மறக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்தால் போதும், இரண்டு கையாலும் மேசையை அணைத்து, நெஞ்சை விளிம்பில் அழுத்தி, செய்தியை ஓட்டிக்கொண்டு போவார். எதிரே உட்கார்ந்து பார்த்தால் மேசை ஒரு வளைவில் திரும்புவதுபோல் இருக்கும்.

அறுபத்தாறாவது வயதில் அவருக்கு இதயத் துடிப்பு மந்தமானது. இரண்டு தடவை மயங்கி விழுந்தார். இடது காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இதயம் துடிக்க மறந்தால் அது ஒரு தட்டு தட்டும். கூடவே பர்ஸில் வைத்துக்கொள்ள ஒரு கார்டு கொடுத்தார்கள். கம்பியில்லாமல் சார்ஜ் ஏற்றும் கருவிகளைப் பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. டிரைவர் கார்டை பர்ஸில் வைத்தார். எக்ஸ்ரே அக்கா மனப்பாடம் செய்தார்.

அடுத்த மூன்றாவது வருடம் கட்டடத்துக்கு வயரில்லாக் கரண்டு வந்தது.

ஒரு கம்பெனி சோதனை முயற்சியாக இருபத்துநான்கு வீட்டுக்கும் இலவசமாகப் பொருத்தித் தருவதாகச் சொன்னது. மேசைக்கு அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கம்பிச் சுருள். மேசைமேல் விளக்கை வைத்தால் எரியும், போனை வைத்தால் சார்ஜ் ஏறும், மிக்ஸியை வைத்தால் சுற்றும். பிளக் இல்லை, வயர் இல்லை. இரண்டாம் மாடி டைலர் பெண்ணுக்கு இது பெரிய விஷயம். போன வருடம் அவளுடைய மாமியார் தையல் மிஷின் வயர் தடுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் மாமியார் தூங்கும் நேரத்தில் மட்டுமே மிஷினை ஓட்டுகிறாள்.

எல்லா வீட்டிலும் சுருளைப் பொருத்தினார்கள். ஆனால் இணைப்புக் கொடுக்கவில்லை. மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே லைன். எல்லா வீடும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் திறப்பார்கள். உடம்பில் கருவி வைத்தவர்கள் இருக்கும் வீட்டுக்குத் தனி அளவெடுப்பு, தனிப் படிவம். அப்படி ஒரே ஒரு வீடுதான் இருந்தது.

அளவெடுக்க வந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். தோளில் பெட்டி, கையில் ஒரு மரப்பொம்மை. இடுப்பிலிருந்து தலைவரை மட்டும் இருக்கும் பொம்மை. நெஞ்சில் அளவுக் கருவியைச் செருக ஒரு ஓட்டை. மூன்றாம் மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினார்.

"வலது முட்டி," என்றார் எக்ஸ்ரே அக்கா.

"எப்படி சிஸ்டர் கண்டுபிடிச்சீங்க?"

"நான் சிஸ்டர் இல்ல, எக்ஸ்ரே. உக்காருங்க, தண்ணி தர்றேன்."

தற்காலிகமாக இணைப்புக் கொடுப்பதற்கு முன் டிரைவரைப் பூங்காவுக்கு அனுப்பினார்கள். அவருடைய நாற்காலியில் பொம்மையை வைத்தார் அளவுக்காரர். படிவத்தில் சொன்னபடி மேசை விளிம்பிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி, முதுகு நிமிர்ந்து. கருவி காட்டிய எண்ணை எழுதினார். வரம்பில் பாதிகூட இல்லை.

"சுத்தமா இருக்கு. இங்க ஒரு கையெழுத்து."

எக்ஸ்ரே அக்கா பொம்மையைப் பார்த்தார். ஐந்து லட்சம் உடம்பை நிற்க வைத்தும் படுக்க வைத்தும் பார்த்த கண். எந்த உடம்பும் நாற்காலியில் இப்படி உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

"ஒரு வாரம் டைம் குடுங்க," என்றார்.

அந்த ஒரு வாரத்துக்குள் கட்டடம் இரண்டாகப் பிரிந்தது.

சங்கத் தலைவர் ஐந்தாம் மாடியிலிருந்து தினம் ஒருமுறை இறங்கி வந்தார். "அக்கா, இருபத்துமூணு வீடு போட்டாச்சு. உங்க ஒரு கையெழுத்துக்காக எல்லாரும் வயர்ல கால் தடுக்கிட்டு நிக்கிறோம். கம்பெனிக்காரன் பொறுமையிழந்து அடுத்த தெருவுக்குப் போயிட்டான்னா?"

"போனா கூப்பிட்டுக்கலாம் அண்ணே."

"படிச்சவங்க நீங்களே இப்படிப் பயந்தா?"

"பயப்படல. பாக்கலாம்னு சொல்றேன்."

நான்காம் மாடியில் இருந்தவரைக் கட்டடத்தில் ஃபார்வர்டு என்பார்கள். எந்தச் செய்தி வந்தாலும் படிக்காமல் நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் பல் தேய்ப்பார். வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தவர், எக்ஸ்ரே அக்கா போடவில்லை என்று கேள்விப்பட்டதும் ஓடி வந்தார்.

"நான் அப்பவே சொன்னேன்ல? எல்லாம் புற்றுநோய். கதிர்வீச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் அக்கா, மொத்தத்தையும் பிடுங்கி எறிஞ்சிடலாம்."

"உக்காருங்க," என்றார் அவர். "நான் வேலை பார்த்தது வேற. எக்ஸ்ரே உடம்புக்குள்ள போய் அணுவுல இருக்கற எலக்ட்ரானையே பிடுங்கிடும். அதுக்குத்தான் ஈயச் சுவரு, பேட்ஜு எல்லாம். இதுக்கு அந்தத் தெம்பு கிடையாது. ரொம்பக் கிட்டப் போனா சூடு பண்ணும், கரண்டுக் கருவியைக் குழப்பும். அளவுக்குள்ள இருந்தா இதனால புற்றுநோய் வரும்னு யாரும் நிரூபிக்கல. இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க, பண்ணட்டும். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். தெரியாததை உங்களுக்காகச் சொல்ல மாட்டேன்."

"அப்ப ஏன் கையெழுத்துப் போடல?"

"அது என் வீட்டுக்காரர் நெஞ்சு சம்பந்தப்பட்ட விஷயம். உங்க பயத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

ஃபார்வர்டு முகம் சுருங்க, போவதற்கு எழுந்தார். விடவில்லை அவர். "அண்ணே, சாதாரண சளிக்கு உங்க பேத்தியை ரெண்டு மாசத்துல மூணு தடவ எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டு வந்தீங்க. ஞாபகம் இருக்கா? மூணாவது தடவ நான்தான் திருப்பி அனுப்பினேன். அன்னிக்கு என்னைத் திட்டிட்டுப் போனீங்க."

டைலர் பெண் மட்டும் எதுவும் கேட்கவில்லை. ஒரு காலை வந்து கதவருகே நின்றாள். "சும்மா வந்தேன் அக்கா," என்றாள். போய்விட்டாள். தலைவர் ஐந்து நாள் பேசியதைவிட அது கனமாக இருந்தது.

அன்று மாலை மகனிடம் போனில் பேசினார். அவன் வெகுதூரத்தில் இருந்தான். சர்க்யூட் வடிவமைப்பு அவன் தொழில். முழுவதையும் கேட்டுவிட்டு, சுருளின் அளவைக் கேட்டுக் கணக்குப் போட்டான்.

"அம்மா, எக்ஸ்ரேன்னா தூரம் ரெண்டு மடங்கானா நாலுல ஒரு பங்கு ஆகும். இது கிட்டத்தட்ட எட்டுல ஒரு பங்கு ஆயிடும். அவ்வளவு சீக்கிரம் விழுந்துரும். முப்பது சென்டிமீட்டர்ல ஒண்ணுமே இல்ல."

"எட்டுல ஒண்ணா! நல்ல சாமான்டா." அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். "அப்ப கிட்ட வந்தா அதே மாதிரி எட்டு மடங்கு ஏறுமே?"

"ஏறும். ஆனா அப்பா ஏன் அவ்வளவு கிட்ட வரப்போறார்? நீ ஓவரா யோசிக்கிற. கையெழுத்துப் போடும்மா. கட்டடமே காத்துட்டிருக்கு."

அவன் போட்ட கணக்கு சரி. அப்பாவை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்துப் போட்ட கணக்கு. பத்தொன்பது வருடம் அந்த மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன் அவன். இதற்காக அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். நேரம் இருந்தது.

அந்த வாரத்தில் எக்ஸ்ரே அக்கா செய்தது இதுதான். டைலர் பெண்ணிடம் துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸ் ஒன்று வாங்கினார். டிரைவர் உட்காரும் பக்கத்து மேசை விளிம்பில் தினமும் காலையில் அதை நன்றாகத் தேய்த்துவிட்டார். டிரைவர் வெள்ளை பனியனோடு பேப்பர் படிக்க உட்கார்ந்தார். மாலையில் குளிக்கப் போகும் முன் எக்ஸ்ரே அக்கா அவரை நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம் நில்லுங்க. ஏதோ அழுக்கு."

நெஞ்சில் குறுக்கே ஒரு நீலக் கோடு. அதிலிருந்து தோலுக்கடியில் தட்டுப்படும் பேஸ்மேக்கரின் கீழ் விளிம்புவரை டேப்பை வைத்து அளந்தார். ஏழு சென்டிமீட்டர். பனியனைத் துவைக்கப் போடாமல் மடித்து எடுத்து வைத்தார். மறுநாளும் ஏழு. மூன்றாம் நாள் டிரைவர் தன் பனியனைக் குனிந்து பார்த்தார்.

"இந்தா, மூணு நாளா என் நெஞ்சுல ரோடு போடுறியே, என்ன விஷயம்?"

சொல்லிவிட்டார். டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதுக்கா? என்கிட்ட சொன்னா நிமிர்ந்து உக்காரப் போறேன். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு உக்காரத் தெரியாதா?"

"சரி, உக்காருங்க பாப்போம்."

உட்கார்ந்தார். நான்காம் நாள் பனியன் வெள்ளை. ஐந்தாம் நாளும் வெள்ளை. முதுகு வலிக்கிறது என்று இரவு தைலம் தேய்க்கச் சொன்னார். ஆறாம் நாள் எங்கோ ஒரு பஸ் பள்ளத்தில் இறங்கிய செய்தி பேப்பரில் வந்தது. டிரைவர் எப்படிப் பிரேக் போட்டிருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. அன்று மாலை நீலக் கோடு. ஏழாம் நாளும் நீலக் கோடு.

எட்டாம் நாள் அளவுக்காரர் வந்தார். தலைவரும் கூடவே வந்தார், பேனாவோடு. எக்ஸ்ரே அக்கா பனியன்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். படம் பார்ப்பவர் பிடிப்பதுபோல, இரண்டு மூலையையும் விரலால் கவ்வி.

"இது முதல் நாள். இது ரெண்டாவது. இது மூணாவது, சாயங்காலம்தான் கண்டுபிடிச்சார். இந்த ரெண்டும் அவருக்கு விஷயம் தெரிஞ்ச பிறகு. சுத்தமா இருக்கு பாருங்க. இது ஆறாவது நாள்."

தலைவருக்குச் சிரிப்பு வந்தது. "அக்கா, இதுக்கு இவ்வளவு பாடா? டிரைவர் அண்ணன்கிட்ட கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னு சொல்லிட்டா போச்சு."

"சொன்னேன். ரெண்டு நாள் தாங்கிச்சு," என்றார் அவர். "மூச்சைப் பிடின்னா ஆள் எவ்வளவு நேரம் பிடிப்பான் அண்ணே? பாதுகாப்பா இருக்கறதுக்கு ஒருத்தர் நாள் பூரா ஞாபகம் வச்சுக்கிட்டே இருக்கணும்னா, அது பாதுகாப்பு இல்ல."

அளவுக்காரர் சிரிக்கவில்லை. டேப்பை வாங்கி அவரே அளந்தார். பேஸ்மேக்கரிலிருந்து மேசையின் மேல்பக்கம் ஏழு. பலகையின் கனம் மூன்று. சுருள் விளிம்பிலிருந்து ஐந்து உள்ளே. காகிதத்தில் கணக்குப் போட்டார். பதினொன்று சொச்சம். டிரைவரின் கார்டை வாங்கிப் பதினைந்து என்று இருந்த வரியைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இது சரியில்லன்னா என்ன ஆகும்?" என்று தலைவர் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

எக்ஸ்ரே அக்காதான் பதில் சொன்னார். "சுருள்ல இருந்து வர்றதை அந்தக் கருவி இதயத் துடிப்புன்னு நினைச்சுக்கலாம். இதயம்தான் ஒழுங்கா துடிக்குதேன்னு சும்மா இருந்துரும். இதயம் நிஜமா மறக்கற நேரமா இருந்தா இவர் பேப்பர் மேலயே சாஞ்சிருவார். தூங்கறார்னு நாங்க நினைச்சுப்போம்."

அளவுக்காரர் டிரைவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அலுப்பு. யோசனை. காகிதத்தைப் பார்ப்பதற்காக முன்னால் சாய்ந்தார். பிறகு குனிந்து பார்த்தார். அவருடைய சட்டைப் பையும் மேசை விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது.

"இந்தப் பொம்மையைத் தூக்கிட்டு அறுநூறு வீடு ஏறி இறங்கிட்டேன் சிஸ்டர்," என்றார். "ஒரு வீட்டுலயும் மனுஷனை உக்கார வச்சுப் பாக்கல."

"படிவத்துல அப்படித்தானே போட்டிருக்கு."

"படிவத்தை எழுதினவங்கள்ல நானும் ஒருத்தன்."

எக்ஸ்ரே அக்கா அடுப்படிக்குப் போனார். டீ போட்டுக்கொண்டு வந்தார். இப்படி ஒருவர் தன் தவறைத் தானே எடுத்துச் சொல்லும்போது மேலே ஒரு வார்த்தையும் சேர்க்காமல் இருப்பது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று மகனுக்குத் தெரியாது. அவனுக்கு அது வரவில்லை.

அளவுக்காரர் பால்கனியில் நின்று தன் தலைமை அலுவலகத்தோடு ஒரு மணி நேரம் பேசினார். உள்ளே கேட்டதெல்லாம் ஒரே பக்கத்துப் பேச்சு. "இல்ல சார், ஒரு வீட்டுக்கு மட்டும் இல்ல." "ஆமா, நான் போட்ட கையெழுத்துதான்." "அப்ப அதையும் திரும்ப எடுக்கணும் சார்." கடைசியில் உள்ளே வந்து, சுருளை விளிம்பிலிருந்து இருபத்தைந்து சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் பொருத்த அனுமதி கிடைத்ததாகச் சொன்னார். இந்தக் கட்டடத்தில் மீதி இருபத்துமூன்று வீட்டிலும் அப்படியே செய்வார்கள். மற்றக் கட்டடங்களில் ஏற்கெனவே கையெழுத்தான வீடுகளில் உடம்பில் கருவி வைத்தவர்கள் இருக்கும் வீடுகளை மறுபடி போய்ப் பார்ப்பார்கள். அதுவரை அங்கே மேசை இணைப்பு கிடையாது.

இரண்டு நாளில் சுருள் இடம் மாறியது. எல்லோரும் மீண்டும் அதே அறையில் கூடினார்கள். தலைவர், அளவுக்காரர், இந்த முறை டைலர் பெண்ணும். மகன் போனில் இருந்தான். டிரைவர் பூங்காவுக்குப் போனார். அளவுக்காரர் இந்தத் தடவை பொம்மையைக் கதவோரம் சாய்த்துவிட்டுத் தானே நாற்காலியில் உட்கார்ந்து, மேசையைக் கட்டிப்பிடித்து, கருவியைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். இணைப்பு வந்தது. எண்ணைச் சத்தமாகப் படித்தார். பழைய இடத்தில் சுருள் இருந்தபோது அதே சாய்வில் வந்திருக்கக்கூடியதில் பதினான்கில் ஒரு பங்கு. தூரம் இருபத்தேழு சென்டிமீட்டர்.

"போதுமா அக்கா?" தலைவர் பேனா மூடியைக் கழற்றினார்.

"நீங்க உக்காந்த மாதிரிதான் அவரும் உக்காருவாரா?" என்று எக்ஸ்ரே அக்கா அளவுக்காரரைக் கேட்டார். "அவர் வரட்டும்."

டிரைவர் வந்தார். இத்தனை பேர் வீட்டில் நிற்பதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நாற்காலியில் தூண்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிக்க ஒண்ணும் இல்ல. நீங்க பேப்பரைப் படிங்க."

"எல்லாரும் பாத்துட்டிருந்தா எப்படிப் படிக்கறது?"

"நாங்க உங்களைப் பாக்கல. படிங்க."

அவர் படிக்க ஆரம்பித்தார். நான்கு பேரும் சுவரோரம் காத்திருந்தார்கள். ஒரு மனிதன் தங்களை மறப்பதற்காக. பத்து நிமிடம் தூண் அசையவில்லை. தலைவர் இருமப் போக, எக்ஸ்ரே அக்கா ஒரே பார்வையில் அந்த இருமலை நிறுத்தினார். டைலர் பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், சிரிப்பு. அளவுக்காரர் வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினார். இருபது நிமிடத்தில் டிரைவரின் ஒரு முழங்கை மேசைக்கு வந்தது. எக்ஸ்ரே அக்கா அவருடைய கழுத்தில் துடிக்கும் நரம்பையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்து உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். போன் அவருடைய கையில் இருந்தது. மகன் வைத்துவிடவில்லை. அலுவலகத்தில் மீட்டிங் இருக்கிறது என்று இரண்டு முறை ஆள் வந்து கூப்பிட்டும் கையால் போகச் சொன்னான். நாற்பது நிமிடம் அவன் காதில் அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

டிரைவர் பக்கத்தைத் திருப்பினார். அதில் என்ன இருந்ததோ, "அடப்பாவி, அந்த வேகத்துலயா திருப்புவே?" என்று தனக்குள் முனகினார். இரண்டாவது கையும் மேசையைச் சுற்றி வந்தது. தோள் இறங்கியது. நெஞ்சு விளிம்பில் அழுந்தியது. மேசை வளைவில் திரும்பியது.

அளவுக்காரர் சத்தமில்லாமல் குனிந்து டேப்பைக் காற்றில் பிடித்து அளந்தார். இரண்டு விரலைக் காட்டி, பிறகு ஆறு விரலைக் காட்டினார். இருபத்தாறு. எக்ஸ்ரே அக்கா எண்ணுவதை நிறுத்தவில்லை. முழுதாக இன்னொரு நிமிடம் எண்ணி முடித்தார். அறுபத்தெட்டு. ஒழுங்காக.

படிவத்தை வாங்கி, கையெழுத்துக்கு மேலே இருந்த காலி இடத்தில் எழுதினார்: "சாய்ந்த நிலையில் அளக்கப்பட்டது. சுருளின் இடத்தை இந்த வீட்டாருக்குத் தெரியாமல் மாற்றக் கூடாது." தேதியையும் நேரத்தையும் போட்டார்.

டிரைவர் தலை நிமிர்ந்தார். சுவரோரம் நிற்பவர்களைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்ன, இன்னும் போகலையா நீங்கள்லாம்?"

"ஒண்ணுமில்ல, நீங்க படிங்க," என்று சொல்லிவிட்டு எக்ஸ்ரே அக்கா கையெழுத்துப் போட்டார்.